ஒரு கால் கெண்டை மட்டும் பெருத்தால்: சும்மா விடுவதா, மாத்திரையா, ஊசியா, ஆபரேஷனா?

என் வலது கெண்டைக்கால் பெருத்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, எங்கள் தெரு டெய்லர். "சார், ரெண்டு காலுக்கும் ஒரே அளவுதான் விட்டேன். வலது பக்கம் மட்டும் கெண்டைகிட்ட தையல் இழுக்குதே" என்று டேப்பைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றரை இஞ்ச் வித்தியாசம். அதற்கு முன்பே சாக்ஸின் எலாஸ்டிக் வலது காலில் மட்டும் சிவப்பாகத் தடம் பதித்துக்கொண்டிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

அம்மாவுக்கு உடனே யானைக்கால் பயம். பக்கத்து வீட்டுக்காரர், "ரத்தம் உறைஞ்சிருக்கும், உடனே ஸ்கேன் எடுங்க" என்றார். இறுதியில் தெரிந்த காரணம் யாருக்கும் தோன்றாத ஒன்று. ஆறு வருடத்துக்கு முன்னால் இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்து, ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று நான் மறந்தே போயிருந்த சயாட்டிகா. அப்போது நசுங்கிய நரம்பு வேர்தான் இப்போது கெண்டைச் சதையைப் பெருக்க வைத்திருக்கிறது.

நரம்பு கெட்டால் சதை சூம்பும் என்றுதான் நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். அபூர்வமாகச் சிலருக்குத் தலைகீழாக நடக்கிறது. அது எனக்கு வந்தபோது மூன்று டாக்டர்கள் மூன்று வழி சொன்னார்கள். ஒருவர் ஆபரேஷன் என்றார், ஒருவர் போட்டாக்ஸ் ஊசி என்றார், இன்னொருவர் "ஒன்றும் செய்ய வேண்டாம், அளந்து பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார். மூன்றையும் எடைபோட எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏன் பெருக்கிறது என்று பார்க்கலாம். இடுப்பின் கடைசி டிஸ்க்குக்குப் பக்கத்தில் எஸ்-1 என்ற நரம்பு வேர் கீழே இறங்குகிறது. கெண்டைச் சதை பெரும்பாலும் இதன் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கோளாறு வந்தவர்களில் அதிகம் பேருக்குக் கெண்டையே பெருக்கிறது. வேர் முழுதாக அறுந்துவிட்டால் சதை சூம்பிவிடும். பாதி கெட்டு பாதி பிழைத்தால்தான் சிக்கல். எரிச்சலடைந்த நரம்பு, நாம் கேட்காமலேயே சதைக்கு ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. சதை நாள் முழுக்க ஜிம்மில் இருப்பதுபோல வேலை செய்கிறது. இது ஒரு காரணம். செத்துப்போன இழைகளின் வேலையையும் சேர்த்துச் செய்யும் மிச்ச இழைகள் தடிப்பது இன்னொரு காரணம். சிலருக்குச் சதைக்குள்ளேயே அழற்சி வந்து வீங்குகிறது. வேறு சிலருக்குச் சதை குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு நிரம்பி, வெளியே பார்க்கப் பெருத்ததுபோலத் தெரிகிறது. இது பொய்ப் பெருக்கம். இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க முடியாது. என் முதல் டாக்டர் செய்த தவறு அதுதான். இடுப்பு எம்ஆர்ஐயை மட்டும் பார்த்துவிட்டு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் சில சோதனைகள். இதில் அவசரமானது ரத்தக்கட்டு இருக்கிறதா என்பது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு ஒரு மேடாக இருக்கும். அதிலிருந்து 10 செ.மீ. கீழே இரண்டு காலையும் அளந்து, வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் ரத்தக்கட்டு பற்றிய சந்தேகக் கணக்கில் டாக்டர்கள் ஒரு மதிப்பெண் சேர்ப்பார்கள். எனக்கு 41, 37. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம், ரத்தக்கட்டு இல்லை. இந்த ஸ்கேன் முடியும்வரை யாரையும் எண்ணெய் தேய்த்து உருவிவிட அனுமதிக்காதீர்கள். உள்ளே ரத்தக்கட்டு இருந்து அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனக்குக் கால் வீங்கியது என்று கேள்விப்பட்டதும் மாமா ஒருவர் தைலப் பாட்டிலோடு வந்து நின்றார். அவரைச் சமாளித்து அனுப்பியதுதான் அந்த வாரத்தின் பெரிய வேலை.

யானைக்காலில் பாதமும் சேர்ந்து வீங்கும், தோல் தடித்துப்போகும். என் பாதம் பழைய செருப்புக்குள் சரியாகவே நுழைந்தது, கெண்டை மட்டும்தான் கல்போல இறுகியிருந்தது. அம்மாவுக்கு அதைக் காட்டித்தான் சமாதானம் சொன்னேன். இரண்டு கெண்டையும் சேர்ந்து பெருத்தால் கதை வேறு. அப்போது தைராய்டு, பரம்பரைத் தசைநோய் என்று போவார்கள், சிகே என்ற ரத்தப் பரிசோதனை முதலில் வரும். வலியே இல்லாமல் ஒரே இடத்தில் மேடுபோல வளர்ந்தால் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குக் கெண்டையையே எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், இடுப்பை மட்டும் எடுத்தால் போதாது. சதைதான் பெருத்திருக்கிறதா, கொழுப்பு நிரம்பியிருக்கிறதா, அழற்சி இருக்கிறதா என்பதும் அந்தப் படத்தில்தான் தெரியும்.

எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது ஈஎம்ஜி, அதாவது சதைக்குள் ஓடும் மின் சிக்னலை ஊசி வழியாகக் கேட்கும் சோதனை. நரம்பு டாக்டர் முதலில் சுத்தியலால் குதிகாலுக்கு மேல் தட்டினார். இடது பாதம் துள்ளியது, வலது பாதம் அசையவே இல்லை. அப்புறம் மெல்லிய ஊசியை இடது கெண்டையில் குத்தி, "காலைத் தளர்த்துங்க" என்றார். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஓய்வாக இருக்கும் சதை அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அதே ஊசி வலது கெண்டைக்குள் போனது. நான் காலை அசைக்கவே இல்லை. திடீரென்று ஸ்பீக்கரில் 'டடடடட' என்று ஒரே தாளத்தில் சத்தம், சிக்னலில் நிற்கும் டீசல் ஆட்டோ மாதிரி. கொஞ்ச நேரம் ஓடி, சாவியைத் திருப்பியதுபோலச் சட்டென்று நின்றது. மறுபடியும் ஆரம்பித்தது. "உங்க கெண்டை தூங்கறதே இல்லை" என்றார் டாக்டர். ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டை பிடித்து இழுத்து நான் எழுந்து உட்கார்வது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

பயாப்சி, அதாவது சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது, எல்லோருக்கும் தேவையில்லை. அழற்சியோ கட்டியோ என்ற சந்தேகம் தீராவிட்டால்தான் எடுப்பார்கள். எடுப்பதாக இருந்தால் ஈஎம்ஜி ஊசி குத்திய அதே இடத்தில் எடுக்கக் கூடாது. குத்திய காயமே அழற்சிபோலக் காட்டிக் குழப்பிவிடும். டாக்டருக்கு இது தெரியும்தான். ஆனால் இரண்டையும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் செய்பவர்கள் தாங்களே ஞாபகப்படுத்துவது நல்லது.

சரி, காரணம் உறுதியாகிவிட்டது. இனி வழிகள்.

சும்மா விடுவது

இதை ஒரு சிகிச்சையாகவே நம் வீடுகளில் ஏற்க மாட்டார்கள். "டாக்டர் ஒண்ணுமே எழுதித் தரலையா?" என்பார்கள். ஆனால் வலி இல்லை, பலம் குறையவில்லை, இடுப்பு எம்ஆர்ஐயில் வேர் இப்போது நசுங்கிக்கொண்டிருக்கவில்லை என்றால், இதுதான் எல்லாவற்றையும்விட நியாயமான வழி என்பது என் கருத்து. கெண்டை பெருத்திருப்பதால் மட்டும் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. பேன்ட்தான் இடிக்கும்.

ஆனால் சும்மா விடுவது என்றால் மறந்துவிடுவது இல்லை. மாதம் ஒருமுறை அதே 10 செ.மீ. புள்ளியில் அளக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அளந்தால் நல்லது, மாலைக்குள் நீர் இறங்கி அளவு கூடிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெருத்த சதை பலமான சதை என்று நினைத்துவிடக் கூடாது. என் வலது கெண்டை இடதைவிடப் பெரியது. ஆனால் இடது காலில் 22 முறை எழ முடிந்த எனக்கு வலது காலில் 9 முறைதான் முடிந்தது.

மாத்திரை

ஓயாமல் கட்டளை அனுப்பும் நரம்பை அடக்கக் கார்பமசெபைன், பெனிடாயின் போன்றவற்றைக் கொடுப்பார்கள். இரண்டும் வலிப்பு நோய்க்கு வந்த மருந்துகள். மெடிக்கல் ஷாப்காரர் என் மனைவியிடம், "ஃபிட்ஸ் மாத்திரைங்க, யாருக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்று இரவு வீட்டில் பெரிய விசாரணை. நரம்பு தேவையில்லாமல் பொறி கிளப்புவதை அடக்கும் மருந்து, மூளையில் என்றால் வலிப்பை நிறுத்தும், காலில் என்றால் இழுப்பை நிறுத்தும் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

நன்மை என்ன? விலை குறைவு, வேண்டாம் என்றால் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்திவிடலாம், ராத்திரி இழுப்பு பலருக்குக் குறைகிறது. ஆனால் சுற்றளவு குறையும் என்று நம்பி இதை எடுக்கக் கூடாது. சிலருக்கு வலி போயும் அளவு அப்படியே இருக்கிறது.

கெடுதலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தலைசுற்றல், தூக்கம் வரும். வண்டி ஓட்டுபவர்கள் முதல் சில நாட்கள் கவனமாக இருக்க வேண்டும். ரத்தத்தில் சோடியம் குறையலாம், வயதானவர்களுக்கு இது அதிகம். கருத்தடை மாத்திரையின் பலனை இந்த மருந்துகள் குறைத்துவிடும், கர்ப்பத்திலும் சிக்கல் உண்டு, எனவே பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது தோல் உரிந்து கொப்பளிக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற எதிர்விளைவு. எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. ஆசிய வம்சாவளியினர் கார்பமசெபைன் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007ல் எச்சரித்தது. நம் ஊரில் பல இடங்களில் அதைச் செய்வதில்லை. செய்ய முடியவில்லை என்றாலும், முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மாத்திரையை அந்த வேளையே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ப்ரீகாபலின், கேபபென்டின் பற்றியும் கேட்பீர்கள். டிஸ்க் வலி வந்த பாதிப் பேர் இதில் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டிருப்பார்கள். நரம்பு வலிக்காகக் கொடுப்பது அது. கெண்டை சுருங்கும் என்று அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அழற்சி இருப்பதாகக் கெண்டை எம்ஆர்ஐயோ பயாப்சியோ காட்டியவர்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு. மற்றவர்களுக்கு அதில் வேலையில்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், சர்க்கரை உள்ளவர்களிடம் "எதுக்கும் ஒரு கோர்ஸ் போட்டுப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

போட்டாக்ஸ் ஊசி

பெயரைக் கேட்டதும் நடிகைகள் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் இந்த மருந்து முதலில் அனுமதி பெற்றது முகச் சுருக்கத்துக்கு இல்லை, மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும், 1989ல். நரம்பும் சதையும் சேரும் இடத்தில் கட்டளை கைமாறுவதை இது தடுத்துவிடுகிறது. நரம்பு எவ்வளவு கத்தினாலும் சதைக்குக் காது கேட்காது. வேலை குறைந்த சதை மெல்ல மெல்லச் சுருங்கும். தென்கொரியாவில் கால் மெலிந்து தெரிய வேண்டும் என்றே கெண்டையில் இதைப் போட்டுக்கொள்கிறார்கள். நம் கோளாறுக்கு அதே குணம்தான் மருந்தாகிறது.

வலி, இழுப்பு, அளவு மூன்றையும் சேர்த்துக் குறைக்கக்கூடிய வழி இது. இந்தக் கோளாறே அபூர்வம் என்பதால் ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வெல்லாம் கிடையாது. ஒருவர், இருவர் என்று டாக்டர்கள் எழுதி வைத்த அனுபவங்கள்தான் ஆதாரம். அவற்றில் வலியும் அளவும் குறைந்ததாகத் திரும்பத் திரும்ப வருகிறது.

சில நாட்களில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரிந்து, சுமார் மூன்று மாதத்தில் விட்டுவிடும். மறுபடி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் செலவு. இன்சூரன்ஸ்காரர்கள் பெயரைப் பார்த்து அழகு சிகிச்சை என்று தள்ளிவிடக்கூடும். காரணத்தை விளக்கி டாக்டரிடம் ஒரு கடிதம் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தயங்க வைத்தது செலவு இல்லை. ஏற்கெனவே பலம் குறைந்த சதையை இன்னும் பலவீனமாக்கும் ஊசி இது. மாடிப்படி ஏறும்போதும் எட்டிப் பரணில் எதையாவது எடுக்கும்போதும் கெண்டைதான் தூக்கிவிடுகிறது. எனக்குப் பெருத்தது வலது கால். பைக்கின் பின்பக்க பிரேக்கும் காரின் பிரேக்கும் வலது காலில்தான் இருக்கின்றன. இடது கால் என்றால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். இதை என்னிடம் எந்த டாக்டரும் கேட்கவில்லை, ஊசி போடலாம் என்ற டாக்டரிடம் நானாகத்தான் கேட்டேன். "அப்படின்னா குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கலாம், முதல் மாசம் வண்டி வேண்டாம்" என்றார். மயஸ்தீனியா போன்ற சதை பலவீன நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஊசி பொருந்தாது.

ஆபரேஷன்

இதில்தான் குழப்பம் அதிகம். பிதுங்கிய டிஸ்க்கை எடுத்துவிட்டால் வேர் விடுபடும், வேர் விடுபட்டால் கெண்டை சுருங்கும் என்று கேட்கும்போது சரியாகத்தான் தோன்றுகிறது. நடைமுறையில் அப்படி நம்ப முடிவதில்லை. கெண்டை பெருப்பது பெரும்பாலும் வேர் அடிபட்டுப் பல மாதம், பல வருடம் கழித்து. அதற்குள் டிஸ்க் துண்டு தானாகச் சுருங்கிப் போயிருக்கலாம். வேரில் பழைய தழும்பு மட்டும் மிச்சம் இருக்கலாம். அந்தத் தழும்பைக் கத்தியால் எடுக்க முடியாது. டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வருடங்கள் கழித்துக் கெண்டை பெருத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

புதிதாக வந்த சயாட்டிகாவுக்கே ஆபரேஷன் எவ்வளவு தரும் என்று நெதர்லாந்தில் 283 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2007ல் வெளியிட்டார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் அவர்களிலும் சரி, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தவர்களிலும் சரி, 95 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதாவது ஆபரேஷன் வாங்கித் தருவது வேகம். வலி தாங்காமல் துடிப்பவருக்கு அது பெரிய விஷயம்தான். ஆறு வருடப் பழைய வேர்க் காயத்துக்கு வேகம் எதற்கு?

எனவே என் கணக்கு இப்படி: கெண்டை அளவைக் குறைப்பதற்காக யாரும் முதுகைத் திறக்கக் கூடாது. வேர் இப்போதும் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று எம்ஆர்ஐ காட்டி, அதற்குப் பொருத்தமாகக் கால்வலியும் இருந்து, மாத்திரைக்கும் பயிற்சிக்கும் மசியவில்லை என்றால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அதோடு கெண்டையும் குறைந்தால் லாபம். பலம் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போனாலும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் கழிப்பது கட்டுப்பாட்டை இழந்தாலோ, உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ இந்த ஒப்பீடே வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

எனக்கு ஆபரேஷன் தேதி கொடுத்தவரிடம் புது எம்ஆர்ஐயையும் ஈஎம்ஜி அறிக்கையையும் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தைக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்க் அடங்கித்தான் இருக்கு" என்று அவரே தேதியை ரத்து செய்தார். கோபிக்கவில்லை. அந்த மட்டுக்கும் அவர்மேல் மரியாதை.

இனி நான் எடுத்த முடிவு. எனக்குத் தொந்தரவு ராத்திரி இழுப்பு மட்டும்தான், அளவு இல்லை. அதனால் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டு, அந்த ஆபத்தான மரபணு வகை இல்லை என்று வந்த பிறகு, கார்பமசெபைன் குறைந்த அளவில் ஆரம்பித்தேன். படுக்கப்போகும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டையை நீட்டி இழுக்கும் பயிற்சியும் உண்டு, ஒரு காலுக்கு அரை நிமிடம். வாரத்தில் நாலைந்து நாள் எழுந்தவன் இப்போது ஒரு நாள் எழுகிறேன். சோடியம் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. இழுப்பு பழையபடி ஏறினாலோ மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனாலோ அடுத்தது போட்டாக்ஸ் என்று டாக்டரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அப்படி வந்தால் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த மாதம் பிள்ளைகளைப் பள்ளியில் விட பைக் எடுக்க வேண்டியிருக்காது.

சுற்றளவு அதே 41தான். போன வாரம் தீபாவளி பேன்ட்டுக்கு அளவு கொடுக்கப் போனபோது டெய்லர் கேட்காமலேயே வலது காலுக்குத் தனியாக ஒரு எண் எழுதிக்கொண்டார்.